அண்ணப் பிளவுக் குழந்தையின் பேச்சுப் பதிவு: தமிழ்ச் சொற்கள் வேண்டும்

வணக்கம். பெங்களூரு அல்சூரில் இருக்கிறோம். மகளுக்கு ஐந்து வயது. அண்ணப் பிளவுக்கு, அதாவது வாயின் மேற்கூரையில் பிறவியிலேயே இருந்த பிளவுக்கு, அறுவை சிகிச்சை கைக்குழந்தையாக இருந்தபோதே முடிந்துவிட்டது. ஆனாலும் "பாப்பா" என்றால் "மாம்மா" மாதிரிதான் கேட்கிறது. மூக்கடியில் சின்னக் கண்ணாடியைப் பிடித்தால் ஆவி படிகிறது. ப, ட, க சொல்ல வாய்க்குள் அழுத்தம் வேண்டும். அவளுக்குக் காற்று மூக்கு வழியே நழுவிவிடுகிறது.

தெரபிஸ்ட் நல்லவர், ஆனால் அவரிடம் இருப்பது கன்னடச் சொற்பட்டியல். வீட்டில் நாங்கள் தமிழ்தான். நான் மென்பொருள்காரன், சும்மா இருக்க முடியவில்லை. பிராட் (Praat) என்ற இலவச ஒலி ஆய்வு மென்பொருளில் மாதாமாதம் அவள் குரலைப் படமாகப் போட்டுப் பார்க்கிறேன். மூக்கொலி கலந்த உயிரெழுத்தில் முதல் ஃபார்மன்ட் (குரல் பாதையின் ஒத்ததிர்வால் படத்தில் தெரியும் அழுத்தமான பட்டை) மங்கி அகலமாகிறது. அவள் க-வைத் தொண்டையிலேயே வெட்டிச் சொல்லும்போது, க-வுக்கு வரவேண்டிய வெடிப்பு படத்தில் தெரிவதில்லை.

சிக்கல் சொற்களில்தான். ம, ன போன்ற மூக்கொலியே இல்லாத வாக்கியம் வேண்டும், அப்போதுதான் தவறாக மூக்கில் நழுவும் காற்று தனியே தெரியும். தமிழிலோ வாக்கியம் முடிந்தாலே -ஏன், -ஆன், -உம் என்று மூக்கு வந்து நிற்கிறது! "தாத்தா தோசை கேட்டார்" வரை யோசித்துவிட்டேன். "அகல்" மாதிரி நடுவில் வரும் ஒற்றைக் க குழைந்துவிடும், "அக்கா" போல இரட்டித்தது வேண்டும்.

இப்படிப் பட்டியல் வைத்திருப்பவர்கள் பகிர முடியுமா? இந்தப் பக்கம் தமிழ் பேசும் ஸ்பீச் தெரபிஸ்ட் தெரிந்தாலும் சொல்லுங்கள். அதே வயதுப் பிள்ளைகள் உள்ளவர்கள் ஒப்பிட்டுப் பார்க்க இரண்டு நிமிடப் பதிவு தந்தால் பெரிய உதவி. ஃபேன், குக்கர் சத்தம் இல்லாமல், வேவ் (WAV) கோப்பாக. வாட்ஸ்அப் வாய்ஸ் மெசேஜ் வேண்டாம், அது ஒலியைச் சுருக்கிவிடும்.