கல் எறியுமுன் யாராவது குறுக்கே போனதைப் பார்த்தவர்கள் உண்டா?

ஜம்பட்டா_பொடியன்:
2019 மே 13. மினுவாங்கொடையில் முஸ்லிம் கடைகள் எரிகிற செய்தி வந்த பின்னேரம். ஈஸ்டர் ஞாயிறன்று எங்கள் கொழும்பு கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் குண்டு வெடித்து மூன்று கிழமைதான். பேஸ்புக், வாட்ஸ்அப்பைத் திரும்பவும் தடுத்திருந்தார்கள். ஆனால் வீபிஎன் இல்லாத பொடியன் யார்? முனையில் இருந்த முஸ்லிம் நானாவின் கொத்துக்கடைக்குள் வாள் இருக்கிறதாம் என்று ஒரு குரல் பதிவு சுற்றியது. யாருடைய குரல் என்று ஒருத்தருக்கும் தெரியாது.

ஷட்டருக்கு முன்னால் பதினைந்து இருபது பேர். முதலில் நின்றவன் கையில் அரைச் செங்கல். அந்த ஞாயிறு அக்காவை இழந்தவன். அவனிடம் என்னத்தைச் சொல்வது?

இடியப்ப ஆச்சி வந்தார். சமாதானம், மதம் ஒன்றும் கதைக்கவில்லை. "டேய், நேற்று இடியப்பத்துக்கு நாற்பது ரூபா தரவேணும் நீ. எடு."

"பிறகு தாறன் ஆச்சி."

"இப்ப எடு."

காசு வலது பொக்கெட்டில், கல்லும் வலது கையில். கல்லை இடது கைக்கு மாற்றிப் பார்த்தான், சரிவரவில்லை. கடைசியில் அதைக் கடைப் படியிலேயே வைத்துவிட்டுப் பொக்கெட்டைத் துழாவினான். பின்னால் யாரோ சிரித்துவிட்டார்கள். அதற்குப் பிறகு அந்தக் கூட்டத்தால் கோபமாக நிற்க முடியவில்லை. 9 மணிக்கு ஊரடங்கும் வந்துவிட்டது.

நானா அடுத்த மாதமே கடையைக் கொடுத்துவிட்டு ஊருக்குப் போய்விட்டார், அது வேறு கதை. என்னைக் குடைவது இதுதான்: நான் மேல்மாடியில் நின்று போனில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தேன். ஆச்சிக்கு எழுபது வயது, எனக்கு இருபத்தாறு.

வெள்ளவத்தை_நாலாம்_மாடி:
எங்களுடையது கலவரம் இல்லை, பார்க்கிங். மூன்று வருடச் சண்டை. ஒரு நாள் கீழ்மாடி ஐயா கையில் வீல் ஸ்பானர், என் கையில் குடை. பொலிஸில் முறைப்பாடு போட்டோம், அவர்கள் மத்தியஸ்த சபைக்கு அனுப்பினார்கள். சட்டத்தரணி கொண்டுபோக முடியாது. அவர் ஒருவரைத் தெரிந்தெடுக்க, நான் ஒருவரைத் தெரிந்தெடுக்க, அந்த இருவரும் மூன்றாமவரைச் சேர்த்துக்கொண்டார்கள். இடம் ஒரு பள்ளிக்கூடம், சின்னப் பிள்ளைகளின் வாங்கு. இரண்டு தடியர்களுக்கு அதில் கால் வைக்க இடமில்லை. நான் கத்திக்கொண்டிருக்கும்போது அவர் முழங்கால் என் முழங்காலில் இடித்தது. "சொறி" என்றார். மூன்று வருடத்தில் அவர் சொன்ன ஒரே சொறி அது, அதுவும் முழங்காலுக்கு.

கையெழுத்து வைத்தோம். இன்றைக்கும் லிஃப்டில் எனக்கும் சேர்த்து நாலாம் இலக்கத்தை அவரே அமத்துவார், முகம் மட்டும் பார்க்க மாட்டார்.

பழைய_பம்பலப்பிட்டி:
ஆச்சி கதை நல்லதுதான் தம்பி. ஆனால் அந்தக் கூட்டம் கலைந்ததற்குக் காரணம் அது உங்கள் முடுக்குக் கூட்டம். ஆச்சிக்கு அவன் பேர் தெரியும், கடன் தெரியும். 83 ஜூலைக் கலவரத்தில் தமிழர் வீடுகளைத் தேடி வந்தவர்கள் கையில் வாக்காளர் பட்டியல் இருந்தது. அவர்களிடம் யார் நாற்பது ரூபா கேட்பது?

ஜூலை 24 இரவு பொரளை கனத்தை மயானத்தில் தொடங்கியது மறுநாள் எங்கள் ஒழுங்கைக்கு வந்துவிட்டது. நாங்கள் ஐந்து பேர் பக்கத்து வீட்டுச் சிங்கள அம்மாவின் கட்டிலுக்குக் கீழே. அவர் வாசலில் இருந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். கேட்டில் வந்து கேட்டார்கள். "மெஹே கவுருவத் நே" என்றார், இங்கே ஒருவரும் இல்லையாம். சுளகுச் சத்தம் ஒரு தட்டுக்கூடத் தவறவில்லை. எனக்கு அப்போது எட்டு வயது, அந்தச் சத்தத்தை எண்ணிக்கொண்டே கிடந்தேன். அவர் கலந்துரையாடல் ஒன்றும் நடத்தவில்லை. பொய் சொன்னார்.

மட்டக்குளி_மாமா:
எங்கள் பக்கம் சொஃப்ட்போல் மேட்ச், ஒரு ரன் அவுட், இரண்டு தோட்டத்துப் பொடியன்கள், பேட்டைத் தூக்கிவிட்டார்கள். ஒருவனை டீ குடிக்கக் கூட்டிக்கொண்டு போனேன், முடிந்தது.

இதில் படிக்க வேண்டியது என்ன என்றால், இரண்டு பேரையும் ஒரே இடத்தில் வைத்துச் சமாதானம் பேசவே கூடாது. பார்க்க ஆள் இருந்தால் எவனும் இறங்க மாட்டான், ஆகவே முதலில் பார்வையாளர்களை அனுப்புங்கள். குடித்திருந்தால் காலை வரை விடுங்கள். குரல் பதிவு வந்தால் அனுப்பினவனிடம் 'நீ கண்ணால் கண்டாயா' என்று ஒரு வரி கேளுங்கள், பாதி அங்கேயே செத்துவிடும். பள்ளிவாசல் ட்ரஸ்டி, ஃபாதர், விகாரை ஹாமுதுருவோ, கோயில் ஐயர் நாலு பேருடைய நம்பரும் ஒரே போனில் இருக்க வேண்டும். பிரச்சினை வந்த பிறகு தேடக் கூடாது. மத்தியஸ்த சபை 1988இன் 72ஆம் இலக்கச் சட்டத்தில் வந்தது, சும்மா இல்லை, பயன்படுத்துங்கள். புருஷன் பெண்சாதிச் சண்டையும் இப்படித்தான், அயலவர்கள் இரண்டு பேரையும் இருத்திப் பேசிவிட்டால் சரி.

கொட்டாஞ்சேனை_தங்கச்சி:
மாமா, கேட்டது அனுபவம். கடைசி வரியை மட்டும் விட மாட்டேன். எங்கள் பக்கத்து வீட்டு அக்காவை எங்கள் லைன் ஆட்கள் ஐந்து தரம் 'இருத்திப் பேசி' அனுப்பினார்கள். ஐந்தாம் தரம் டீ போட்டுக் கொடுத்தது நான். அக்காவின் புருஷன் பிஸ்கட்டைத் தோய்த்துச் சாப்பிட்டார், அக்காவால் வாய் திறக்க முடியாமல் கோப்பையைச் சும்மா பிடித்துக்கொண்டிருந்தார். தாடை வீங்கியிருந்ததை நான் கண்டேன். கண்டும் சீனி போதுமா என்றுதான் கேட்டேன்.

ஆறாம் தரம் அவர் யாரிடமும் வரவில்லை, 1938, பெண்கள் உதவி இலக்கத்துக்கு அவரே எடுத்தார். 2005இன் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தில் நீதவானிடம் பாதுகாப்புக் கட்டளை வாங்கலாம் என்று எங்கள் லைனில் ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை. ரன் அவுட்டும் இதுவும் ஒன்றில்லை.

மட்டக்குளி_மாமா:
சரி மகள். அந்த வரியை எடுத்துவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். பொடியன், அந்த வீடியோ இருந்தால் போடுங்களேன், ஆச்சியை எல்லாரும் பார்க்கட்டும்.

ஜம்பட்டா_பொடியன்:
இருக்கிறது மாமா, போட மாட்டேன். பொடியன்கள் முகம் எல்லாம் தெளிவாக விழுந்திருக்கிறது. ஆச்சியின் முதுகு மட்டும்தான் தெரிகிறது.