தீயால் குளிரும் பெட்டிக்கு ஒரு பெயர்

மொழிபெயர்ப்பாளரின் முதல் மடல்

கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம்.

பயண இழுவண்டி (காருக்குப் பின்னால் இழுத்துச் செல்லும் கேரவன்) ஒன்றின் பயனர் கையேட்டைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். திங்கட்கிழமை ஒப்படைக்க வேண்டும். குளிர்பதனி பற்றிய இயலில் வந்து நிற்கிறேன். வீட்டில் இருப்பதைப் போல இதில் கம்ப்ரசர் கிடையாது. எரிவாயுச் சுடரோ மின்சூடேற்றியோ அம்மோனியாக் கரைசலைக் கொதிக்க வைக்கிறது. பிரிந்து வரும் அம்மோனியா ஆவி வெளிப்புறக் குழாயில் ஆறி நீர்மமாகிறது. பெட்டிக்குள் ஹைட்ரஜன் நடுவே மறுபடி ஆவியாகும்போது வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. கடைசியில் தண்ணீர் அதைத் தன்னுள் வாங்கிக்கொள்ள, சுற்று மீண்டும் தொடங்குகிறது. இந்தச் சுற்றில் அசையும் உறுப்பு ஒன்றுகூட இல்லை.

மூன்று இடங்களில் சொல் வேண்டும். இந்த வகைப் பெட்டிக்கு, பயணத்துக்கு முன்பே வெறும் பெட்டியை இயக்கிக் குளிரச் செய்வதற்கு, வண்டியைச் சாய்வில்லாமல் நிறுத்துவதற்கு. இப்போதைக்கு ‘உறிஞ்சு குளிர்பதனி’, ‘முன்குளிர்வித்தல்’, ‘மட்டமாக நிறுத்துதல்’ என்று எழுதியிருக்கிறேன். திருத்துங்கள்.

இயற்பியல் ஆசிரியை

‘உறிஞ்சு’ வேண்டாம். உறிஞ்சுவது வாயின் வேலை, வேரின் வேலை. பெட்டி காய்கறியின் ஈரத்தை உறிஞ்சிவிடும் என்று படிப்பவர் நினைத்துக்கொள்வார். பாடநூலில் ‘உட்கவர்தல்’ இருக்கிறது; மேற்பரப்பில் மட்டும் ஒட்டுவதற்குப் ‘பரப்புக் கவர்தல்’ இருக்கிறது. இந்த இணையைக் கலைத்தால் வகுப்பில் நான்தான் பதில் சொல்ல வேண்டும். ‘உட்கவர் குளிர்பதனி’ என்றே எழுதுங்கள்.

1922இல் ஸ்டாக்ஹோமில் மாணவர்களாக இருந்த பிளாட்டன், முன்டர்ஸ் இருவரும் செய்த புதுமை இந்த ஹைட்ரஜன்தான். ஹைட்ரஜன் இருப்பதால் குழாய் முழுவதும் மொத்த அழுத்தம் ஒன்றாகவே நிற்கிறது, பம்பு தேவைப்படவில்லை. பெயரில் அதற்கும் இடம் கொடுக்க முடிந்தால் மகிழ்வேன்.

பேராசிரியர் ஐயா

அன்பர்களே, முதலில் ‘குளிர்பதனி’யையே ஒரு கணம் நிறுத்திப் பாருங்கள். பதம், பதன் ஆனது கடைப்போலி; கடைசி எழுத்து மாறியும் பொருள் மாறாதது. அறம் அறன் ஆனது போல. பதன் கெடாமல் காப்பது பதனி. சொல்லில் பழுதில்லை. ஆனால் இந்தக் கருவியின் வியப்பு பதத்தில் இல்லை, தீ குளிர் தருவதில் இருக்கிறது. நீங்கினால் சுடும், நெருங்கினால் குளிரும் தீ ஒன்றை 1104ஆம் குறளில் படித்தவர்கள் நாம். அழல் + குளிரி = அழற்குளிரி. லகரம் றகரமானது இயல்பான புணர்ச்சி.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். குறிஞ்சிப்பாட்டில் தழலும் தட்டையும் குளிரும் தினைப்புனத்தில் கிளி ஓட்டும் கருவிகளின் பெயர்களாக ஒரே அடியில் வருகின்றன. வெம்மையும் தண்மையும் சுட்டும் இரண்டு சொற்கள் பக்கத்துப் பக்கத்துக் கருவிகளுக்கு எப்படி வந்தன என்பது தனி ஆய்வு. தழலில் கனல் இல்லை, சுழற்சி இருக்கிறது என்பது என் கருத்து. அதைத் தனி இழையில் எழுதுகிறேன்.

‘முன்குளிர்வித்தல்’ தவறு. முற்பகல், முற்பிறவி போல ‘முற்குளிர்வித்தல்’.

இயற்பியல் ஆசிரியை

ஐயா, முன்பணம், முன்கூட்டி என்றும் சொல்கிறோமே? இரண்டு வழக்கும் உண்டு. அழற்குளிரி அழகான சொல். ஆனால் ‘அழற்சி’ மருத்துவத்தில் வீக்கத்துக்கும் எரிச்சலுக்கும் நிலைத்துவிட்டது. அதோடு, மின்சூடேற்றியில் இயங்கும்போது சுடர் எங்கே இருக்கிறது?

பேராசிரியர் ஐயா

அழலுக்கு வெப்பம் என்ற பொருளும் உண்டு, அம்மா. நோய்க்குப் போன சொல்லை மீட்கக் கூடாதா?

இழுவண்டியில் பயணம் செய்பவர்

நான் இலக்கணம் பேச வரவில்லை. இந்தக் கையேட்டைக் கையில் வைத்துக்கொண்டு வண்டிக்குப் பக்கத்தில் நிற்கப்போகிறவர்களில் ஒருவன்.

முதல் பயணத்தில் புறப்படும் காலையில்தான் பெட்டியை இயக்கினேன். அறைச் சூட்டிலிருந்த பாலையும் தண்ணீர்ப் புட்டிகளையும் இடைவெளி இல்லாமல் அடுக்கினேன். மாலையில் உள்ளே வைத்த வெப்பமானி 13 பாகை காட்டியது, பால் திரிந்திருந்தது. 4 பாகைக்குக் கீழே வர இந்தப் பெட்டிக்கு 12 மணி நேரத்துக்கு மேலும் ஆகும். அதனால் முந்தின நாளே இயக்க வேண்டும், ஏற்கெனவே குளிர்ந்த பொருளையே வைக்க வேண்டும், காற்று சுற்ற இடம் விட வேண்டும். ‘முற்குளிர்வித்தல்’ என்ற தலைப்பைப் பார்த்தால் இதில் எதுவும் எனக்கு விளங்கியிருக்காது. ‘முந்தின நாளே குளிர வைத்தல்’ என்று எழுதியிருந்தால் பால் பிழைத்திருக்கும்.

அடுத்தது, ‘மட்டமான இடத்தில் நிறுத்தவும்’ என்றால் மோசமான இடம் என்று பொருளாகிவிடும். கொத்தனார் ‘மட்டம் பார்’ என்கிறார், ரசமட்டத்தை வைக்கிறார். ‘மட்டம் பார்த்து நிறுத்தவும்’ போதும். நான் இப்போது குளிர்பதனியின் அடித்தட்டில் சிறிய ரசமட்டத்தை வைத்து, குமிழி நடுவுக்கு வரும்வரை சக்கரத்தின் கீழ் பலகை செருகுகிறேன். அதன் பிறகுதான் சுடரை ஏற்றுவேன்.

இந்த வரியைத் தடித்த எழுத்தில் போடுங்கள். நீர்மம் தன் எடையால்தான் குழாயில் இறங்கி வருகிறது. ஓடும் வண்டியில் ஆட்டம் இருப்பதால் அது ஓரிடத்தில் தங்காது. சாய்ந்து நிற்கும் வண்டியில் தங்கிவிடும்; கொதிகலம் வறண்டு அளவுக்கு மீறிச் சூடேறும், துருத்தடுப்புக்காகச் சேர்த்த சோடியம் குரோமேட் சிதைந்து குழாயை அடைக்கும். அடைத்துவிட்டால் குளிரூட்டும் பகுதியையே மாற்ற வேண்டியதுதான்.

பெட்டியின் பெயரில் எனக்கு ஒரே ஆசை. அதற்குள் தீ இருக்கிறது என்பது தெரிய வேண்டும். பெட்ரோல் நிலையத்துக்குள் நுழையும் முன் சுடரை அணைக்க வேண்டும் என்பது அப்போதுதான் நினைவில் நிற்கும். அந்த வகையில் பேராசிரியர் ஐயாவின் சொல்தான் என்னைத் தொட்டது.

மொழிபெயர்ப்பாளர்

அனைவருக்கும் நன்றி. மணி இரவு பதினொன்று. தனிமடலில் கருத்துச் சொன்னவர்களையும் சேர்த்தால் பெரும்பாலோர் ‘உட்கவர் குளிர்பதனி’ பக்கம். தலைப்பில் அதையே வைக்கிறேன். முதல் பத்தியில் ‘எரிவாயுச் சுடரின் வெப்பத்தாலும் இயங்கும்’ என்று சேர்த்துவிட்டேன். ‘முந்தின நாளே குளிர வைத்தல்’, ‘மட்டம் பார்த்து நிறுத்துதல்’ இரண்டும் அப்படியே போகின்றன. கையேடு தரும் சாய்வு எல்லையான பக்கவாட்டில் 3 பாகை, முன்பின்னாக 6 பாகை என்பதும் அங்கேயே வருகிறது.

இழுவண்டியா, இழுவை வீடா என்பதை யாரும் தொடவில்லை. இழுவண்டி என்றே விட்டிருக்கிறேன்.

பேராசிரியர் ஐயா

கையேடு உங்களுடையது, தம்பி, உங்கள் முடிவு. சொற்பட்டியலில் ‘அழற்குளிரி’யை என் பரிந்துரையாகக் குறித்து வையுங்கள். முற்குளிர்வித்தலையும்.