ஊட்டுப் பெரியவங்களோட கேஜன் கடைக்குப் போறோமுங்க, என்ன சொல்றது?

கோபி பொண்ணு:
வணக்கமுங்க. மொதச் சம்பளத்துல ஊட்டுல அஞ்சு பேரும் கோயமுத்தூர் போயி ஒரு நல்ல சாப்பாடு சாப்பிடோணும்னு ஆசை. எறா, நண்டு, சோளக்கருது, உருளைக்கெழங்கு எல்லாத்தையும் பையில போட்டுக் குலுக்கி மேசையில கொட்டற கேஜன் கடைக்குத்தான் போகோணும்னு தம்பி ஒத்தக்கால்ல நிக்கறான். அப்பா வய நண்டு, அணை மீனு எல்லாம் விரும்பிச் சாப்பிடுவாரு. அம்மா நண்டு, எறா தொட்டதே இல்ல. அமுச்சிக்குக் காரம் ஆகாது, சோறும் வேணும். என்ன சொல்லலாம்? சாஸேஜ்ல பன்னிக்கறி இருக்குமா? ஜூன் ரெண்டாவது வாரம் போறோமுங்க.

சிங்காநல்லூர்:
ஞாயித்துக்கெழமை ராத்திரி வேண்டாமுங்க. வார நாள்ல மத்தியானம் போனா அமுச்சி நிம்மதியா உக்காரலாம், கடைப் பசங்களும் கேட்டதுக்குப் பொறுமையாப் பதில் சொல்லுவாங்க.

திருப்பூர் பனியன்:
அம்மிணி, கம்பெனி வேலையா அமெரிக்காவுல ஹூஸ்டன்ல இருந்தவன் நானு. அங்கிருந்து கெழக்கால, இந்தக் கேஜன் சமையலோட சொந்த ஊரான லூசியானா மாநிலத்துக்குக் கார்ல போனா, ரோட்டோரம் தண்ணி கட்டின நெல்லு வயலாப் பாக்கலாம். நெல்லு அறுத்ததும் அதே வயல்லதான் க்ராஃபிஷ் வளக்கறாங்க, நல்ல தண்ணியில வாழற குட்டிச் சிங்கி எறா மாதிரி இருக்கும் அது. ப்ரோ பிரிட்ஜ்னு ஒரு சின்ன ஊரு, 1959ல அந்த மாநிலச் சட்டசபையே அதை உலக க்ராஃபிஷ் தலைநகர்னு அறிவிச்சுது. அங்க வாலைத் திருகித் தின்னுட்டு, தலையை உறிஞ்சிட்டுத்தான் போடுவாங்க. வய நண்டை ஓட்டோட கடிச்சுச் சாறு உறிஞ்சற மனுசருக்கு ஒண்ணும் சொல்லித்தர வேண்டியதில்ல, உங்கப்பாவப் பத்திக் கவலைய உடுங்க. ஆனா இங்க க்ராஃபிஷ் எதிர்பாக்காதீங்க, எறாவும் நண்டும்தான்.

காரத்தைப் பத்தி நல்லாத் தெரிஞ்சுக்கங்க. லூசியானாவுல வேகற தண்ணியிலயே மசாலாவப் போட்டு, அடுப்ப அணைச்ச பொறகும் ஊற வெப்பாங்க. பையில பூண்டு வெண்ணெயோட குலுக்கறது, 1975க்குப் பொறகு அந்தக் கடலோரம் குடியேறுன வியட்நாம்காரங்க ஹூஸ்டன்ல வளத்த பக்குவம். நம்மூர்ல பெருசா இந்த ரெண்டாவதுதான். இதுல காரம் ஓட்டு மேலயும் சாஸுலயும் நிக்கும், சதைக்கு அத்தனை ஏறாது. அமுச்சிக்கு எறாவ நீங்களே உரிச்சு, சாஸ் படாமக் குடுங்க. உருளைக்கெழங்கும் கருதும் சாஸைக் குடிச்சிருக்கும், அவங்களுக்கு அது வேண்டாம். செவப்பப் பாத்துப் பயப்படாதீங்க, பாதி பாப்ரிகாங்கற காரம் கம்மியான மொளகாப் பொடியோட நெறம். சுள்ளுங்கறது கேயன் மொளகாதான், அதைக் கம்மியாப் போடச் சொன்னாப் போதும்.

அஞ்சு பேருக்கு மொதல்ல ஒரு கிலோ, தலையோட இருக்கற எறா. நண்டு அப்பாவுக்கும் தம்பிக்கும் மட்டும். கணவாய் வேண்டாம், சூட்டுலயே கெடந்து ரப்பராயிரும். கையுறை குடுப்பாங்க, போடாதீங்க. வெரலுக்குச் சூடும் ஓடும் தெரியாமச் சாப்பிட்டா அந்தச் சாப்பாட்டுல பாதி போச்சு.

சோத்துக்குக் கம்போ இருக்கான்னு கேளுங்க. மாவையும் எண்ணெயையும் செவக்க வறுத்து, வெங்காயம், கொடமொளகா, செலரி போட்டு வெக்கற கொழம்பு அது. சோத்தோடதான் தருவாங்க. சாஸேஜ் ஆண்டூயிங்கற லூசியானா வகையா இருந்தாப் பன்னிக்கறிதான், இங்க கோழியும் போடறாங்க. கேட்டுட்டுச் சொல்லுங்க.

உக்கடம் மீன்கடை:
ஜூன் ரெண்டாவது வாரம் வேண்டாமுங்க. நம்ம கெழக்குக் கடல்ல ஏப்ரல் 15லிருந்து ஜூன் 14 வரைக்கும் விசைப்படகு போகாது. கேரளாவுல ஜூன் 9 நடுராத்திரியிலிருந்து ஜூலை 31 வரைக்கும் ட்ராலிங், அதாவது இழுவலை போடறதுக்குத் தடை. நமக்கு மீனு இந்த ரெண்டு பக்கமிருந்தும்தான் வருது, நீங்க போற வாரம் ரெண்டும் மூடிக்கெடக்கும். வள்ளத்துல புடிச்சது வரும், வெலை ஏறிரும். குட்டையில வளக்கற வனாமி எறாவுக்குத் தடை இல்ல, அது எப்பவும் உண்டு. நண்டு ஐஸ்ல எத்தனை நாள் கெடந்துதுன்னு கேக்காம வாங்காதீங்க. கையில எடுத்தா கனமா இருக்கோணும்.

அப்பறம், அம்மா எறா தொட்டதே இல்லைங்கறீங்க. ஒண்ணே ஒண்ணு சாப்பிடச் சொல்லிக் கொஞ்ச நேரம் பாருங்க. ஒதடு தடிச்சாலோ மூச்சு இழுத்தாலோ சரியாப் போயிரும்னு உக்காந்திருக்காதீங்க, நேரா ஆஸ்பத்திரிக்குப் போயிருங்க. வேண்டாம்னா வற்புறுத்தாதீங்க.

கோபி பொண்ணு:
ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும். தடை விசயம் எனக்குத் தெரியவே தெரியாது. ஆடிப்பெருக்குக்கு அப்பறம் வெச்சுக்கறோம். பெரட்டாசியில அப்பா கவிச்சி தொடமாட்டாரு, அதுக்குள்ள போயிட்டு வந்தரோணும். ஏனுங்ணா, அம்மாவுக்குக் கோழி கம்போ கெடைக்குமுங்களா?

திருப்பூர் பனியன்:
கோழி கம்போ லூசியானாவுலயே உண்டு அம்மிணி, ஆனா அதுலயும் சாஸேஜ் போடறதுதான் வழக்கம். கடைக்கு மொதநாளே போன் பண்ணி, எறாவும் பன்னியும் சேராத சட்டியில தருவாங்களான்னு கேட்டுருங்க.