குடிநோயாளியைப் பார்க்கும் கண்: வைத்தியசாலை நோயாளர் விடுதியில் மருத்துவ மாணவர் கற்றுக்கொள்வது என்ன?

வாவிக்கரை
மட்டக்களப்பில் மருத்துவம் பயிலும் நான்காம் ஆண்டு மாணவி நான். மருத்துவ மாணவரின் மனப்பாங்கை அளப்பதற்காக அமெரிக்காவில் 2002இல் வெளியிடப்பட்ட, 11 கூற்றுகள் கொண்ட அளவுகோல் ஒன்று உண்டு. இன்ன நோயுள்ளவரைக் கவனிப்பது மனநிறைவு தருமா, அவருக்குச் செலவிடும் பணம் வீணா என்பன போன்றவற்றை அது கேட்கிறது. எங்கள் குழுவினர் எட்டுப் பேரும் அதை மாரடைப்பு நோயாளிக்கு ஒரு தடவையும் மதுவுக்கு அடிமையானவருக்கு ஒரு தடவையுமாக நிரப்பிப் பார்த்தோம். எட்டுப் பேருமே இரண்டாமவருக்குக் குறைந்த புள்ளி இட்டிருந்தோம். முதலாம் ஆண்டில் கேட்டிருந்தால் நான் அப்படி இட்டிருக்க மாட்டேன் என்பதே என்னை உறுத்துகிறது. விடுதிச் சுற்றின்போது "இது குடிகாரக் கேஸ்" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்கு நகர்ந்த காலைப் பொழுதுகள்தான் இடையில் நடந்தவை. பாடநூல் தந்ததை விடுதி பறித்துக்கொண்டது என்கிறேன். மறுப்பவர்கள் மறுக்கலாம்.

எழுவான்கரை வைத்தியன்
தங்கச்சி, நான் மறுக்கிறேன். நீங்கள் வெறுப்பு என்று எழுதியிருப்பது பெரும்பாலும் களைப்பு. ஈரல் சுருங்கி இரத்த வாந்தியுடன் வந்தவரை இரவு முழுவதும் நின்று காப்பாற்றி அனுப்பிய பின்னர், அவரே மூன்றாவது மாதம் அதே வாந்தியுடன், அதே சாராய மணத்துடன் திரும்பி வருவதையும், அவருக்கு ஊசி போட வந்த தாதியைத் தகாத வார்த்தைகளால் ஏசுவதையும் பார்த்த எவருக்கும் மனம் கசக்கவே செய்யும். நான் யாரையும் நேசிப்பதாக உறுதிமொழி எடுக்கவில்லை. முறையாகச் சிகிச்சையளிப்பதாகவே எடுத்தேன். மனப்பாங்கை அளப்பதை விட்டுச் செயலை அளவிடுங்கள்.

ஓய்வுபெற்ற தாதி
தம்பி, செயலையே அளந்து பார்ப்போம். நான் கடமையாற்றிய ஒரு வைத்தியசாலையின் சத்திரசிகிச்சை விடுதியில், தொடை எலும்பு முறிந்த மீனவர் ஒருவர் அனுமதிக்கப்பட்டார். மூன்றாம் நாள் இரவு உடல் நடுங்கி, வியர்த்துக் கொட்டி, சுவரில் பூச்சி ஊர்வதாகச் சொல்லிக் கத்தத் தொடங்கினார். யாரோ போத்தல் கொண்டுவந்து கொடுத்துவிட்டார்கள் என்று எண்ணி அவருடைய கைகளைக் கட்டிலோடு கட்டினோம். கட்டியவர்களில் நானும் ஒருத்தி. உண்மையில் அவர் குடித்ததால் அப்படியாகவில்லை, குடி நின்றுபோனதால் அப்படியானார். நெடுநாள் மிகையாகக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம் என்பதும், இரண்டாம், மூன்றாம் நாட்களில் இந்தச் சித்தப்பிரமை வரலாம் என்பதும், கவனிக்காவிட்டால் உயிரே போகலாம் என்பதும் உங்களுக்குத் தெரிந்தவையே. விடியப்புறம் வந்த வைத்தியர் டயசெபாம் என்ற அமைதிப்படுத்தும் மருந்தும் தயமின் என்ற பி1 விற்றமினும் கொடுத்து அவரைக் காப்பாற்றினார். கடைசியாக எப்போது குடித்தீர்கள் என்ற ஒரேயொரு கேள்வியை அனுமதித்த அன்று எவரும் கேட்டிருக்கவில்லை. கேட்காமல் விட்டதற்குக் காரணம் நேரமின்மை என்று நான் நம்பவில்லை. அந்த மனிதரிடம் பேச எங்களுக்கு விருப்பமிருக்கவில்லை.

எழுவான்கரை வைத்தியன்
அம்மா, அது பாரிய தவறுதான். ஆயினும் அதற்கு மருந்து, அனுமதிப் படிவத்தில் அந்தக் கேள்வியை அச்சிட்டு வைப்பது. குடிப்பழக்கத்தை அறிய உலக சுகாதார நிறுவனம் தந்த, 10 கேள்விகள் கொண்ட ஆடிட் வினாக்கொத்து இருக்கிறதே, அதை நிரப்புவதற்கு அன்பு வேண்டியதில்லை.

வாவிக்கரை
அண்ணா, முகத்தைச் சுளித்துக்கொண்டு கேட்டால் அந்த 10 கேள்விகளுக்கும் பொய்யான விடைதான் வரும். தினமும் அரைப் போத்தல் குடிப்பவர் "நல்லநாள் பெருநாளில் மட்டும்" என்பார். இன்னொன்றும் சொல்ல வேண்டும். திரும்பத் திரும்ப வருவதைக் குற்றமாகச் சொன்னீர்கள். போதைச் சார்பை நீரிழிவு, உயர் குருதி அமுக்கம், ஆஸ்துமா ஆகியவற்றோடு ஒப்பிட்டு 2000ஆம் ஆண்டு ஜாமா என்ற அமெரிக்க மருத்துவ இதழில் வெளிவந்த கட்டுரை, சிகிச்சையைக் கைவிடுவதும் நோய் மீளுவதும் இவை எல்லாவற்றிலும் ஏறத்தாழ ஒரே அளவில்தான் நிகழ்கின்றன என்று காட்டியது. சீனி கூடி மறுபடி வருபவரை நாம் ஏசித் துரத்துவதில்லை. மேலும், குடியை விட்டவர் விடுதிக்கு வரமாட்டார். கடலுக்கோ வயலுக்கோ போயிருப்பார். மாணவர்களாகிய நாங்கள் தோற்றவர்களை மட்டுமே பார்த்துவிட்டு, எல்லாரும் தோற்பார்கள் என்று முடிவுகட்டுகிறோம்.

படுவான்கரை மகள்
நீரிழிவோடு ஒப்பிடாதீர்கள். சீனி வருத்தக்காரர் மனைவியின் கையை முறிப்பதில்லை. என் தந்தை கசிப்பு என்னும் கள்ளச்சாராயம் குடித்தவர். எங்கள் வீட்டில் சோற்றுப் பானை எத்தனை தடவை முற்றத்தில் உடைந்தது என்பதை நான் எண்ணி வைத்திருக்கவில்லை. அவரை எந்த வைத்தியரும் நேசிக்க வேண்டுமென்று நான் கேட்கமாட்டேன். ஆனால் இதை மட்டும் எழுதவே உள்நுழைந்தேன். ஓர் ஆடி அமாவாசைக்கு மாமாங்கக் கோயிலில் தீர்த்தமாடி, இனிக் குடிப்பதில்லை என்று அவர் சத்தியம் செய்தார். மறுநாள் மாலை வலிப்பு வந்து விழுந்தார். அதற்கு முந்தைய மாதம்தான் என் தாயார் ஒரு வைத்தியரிடம் போய், இவரை எப்படி நிறுத்துவது என்று கேட்டிருந்தார். "புத்தி சொல்லுங்கோ" என்பது மட்டுமே கிடைத்த பதில். திடீரென்று நிறுத்துவது ஆபத்து என்று எவரும் சொல்லவில்லை. அதன் பிறகு, குடித்தால் வலிப்பு வராது என்று சொல்லிச் சொல்லியே குடித்தார்.

எழுவான்கரை வைத்தியன்
தங்கச்சி, இதற்கு என்னிடம் மறுமொழி இல்லை. உங்கள் தாயாரைப் போல வந்து கேட்டவர்களுக்கு நானும் அதே இரண்டு சொற்களைச் சொல்லியிருக்கிறேன். விடுதியில் வரும் கசப்பு இயல்பானது என்பதில் இன்னும் மாறவில்லை. ஆனால் செயலை மட்டும் அளந்தால் போதும் என்று எழுதியதை மீளப் பெறுகிறேன். அந்த இரண்டு சொற்கள் கசப்பிலிருந்துதான் வந்தன.

படுவான்கரை மகள்
அப்படியானால் இப்போது சொல்லுங்கள். எங்கள் ஊரில் இன்னும் பல பெண்கள் கேட்கிறார்கள். நிறுத்தச் சொல்லலாமா, கூடாதா?

எழுவான்கரை வைத்தியன்
சொல்லலாம். ஆனால் தினமும் குடிப்பவராக, காலையில் கை நடுங்குபவராக, முன்னர் வலிப்பு வந்தவராக இருந்தால் வீட்டில் வைத்து ஒரேயடியாக நிறுத்த வேண்டாம். வைத்தியசாலைக்கு அழைத்து வாருங்கள். டயசெபாம் போன்ற மருந்தை முதலில் போதிய அளவில் கொடுத்து, ஏறத்தாழ ஒரு வாரத்தில் படிப்படியாகக் குறைத்து நிறுத்துவோம், தயமினும் கொடுப்போம். அதன் பின்னர் உளமருத்துவக் கிளினிக்குக்குத் தவறாமல் வர வேண்டும். மீண்டும் குடித்துவிட்டாலும் வர வேண்டும். அவர் வர மறுத்தால் நீங்கள் தனியாகவே வந்து கதைக்கலாம்.

வாவிக்கரை
அடுத்த மாதம் எங்கள் குழுவுக்கு உளமருத்துவப் பயிற்சி தொடங்குகிறது. கிளினிக் நாளில் குடியை விட்டவர்களோடும் அவர்களுடைய வீட்டாரோடும் உட்கார்ந்து கதைக்க அனுமதி தருமாறு விரிவுரையாளரிடம் கேட்டு இன்று கடிதம் எழுதியிருக்கிறேன்.