அப்பா பெயரில் ஓடும் என் சைட்டேஷன் கணக்கு

உதவிப் பேராசிரியர் நேர்காணல். குழுவில் ஒருவர் என் விண்ணப்பத்தைப் புரட்டவே இல்லை, கைப்பேசியில் கூகுள் ஸ்காலரை (ஆய்வுக் கட்டுரைகளையும் அவற்றை எத்தனை பேர் மேற்கோள் காட்டினார்கள் என்பதையும் காட்டும் தளம்) திறந்தார். "எச்-இண்டெக்ஸ் நாலுன்னு காட்டுதேம்மா?" என்றார். 14 பேப்பர் போட்டவள் நான். மூலக்கூறு உயிரியலில் ஒரு பேப்பருக்கு எத்தனை ராத்திரி போகும் என்று இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும்.

எச்-இண்டெக்ஸ் பழக்கமில்லாதவர்களுக்கு: 7 கட்டுரைகள், ஒவ்வொன்றையும் குறைந்தது 7 பேப்பர்கள் மேற்கோள் காட்டியிருந்தால் (அதுதான் சைட்டேஷன்) எச் 7. ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் 2005-ல் சொன்ன கணக்கு.

வீட்டுக்கு வந்து தோண்டிப் பார்த்தால் சிக்கல் என் பெயரில். முதல் பேப்பரை அனுப்பும்போது படிவத்தில் 'சர்நேம்' கட்டாயம் என்றது. நமக்கு ஏது சர்நேம்? இனிஷியலை விரித்து அப்பா பெயரைப் போட்டேன். அடுத்ததை கைடு அனுப்பினார், அவர் வெறும் இனிஷியலைப் போட்டுவிட்டார். அந்த ஜர்னலைப் பொறுத்தவரை என் குடும்பப் பெயர் ஒரே ஓர் எழுத்து. கல்யாணத்துக்கு அப்புறம் பாஸ்போர்ட்டில் கணவர் பெயர் ஏறியது, பிஎச்.டி.க்குப் பிந்தைய போஸ்ட்டாக் ஆய்வுக் காலத்து பேப்பர்கள் எல்லாம் அதில். ஆக நான் மூன்று பேர், மூவருக்கும் தனித்தனி சைட்டேஷன்.

முதல் பேப்பரை அச்செடுத்து ஊருக்குக் கொண்டுபோனது ஞாபகம் வருகிறது. அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். "இதுல எம் பேருல்ல பெருசா இருக்கு, நீ எங்கம்மா இருக்க?" அன்று எல்லோரும் சிரித்தோம்.

சரி செய்ய இரண்டு மாதம் ஆனது. ஆர்கிட் எண் வாங்கினேன் (பெயர் எப்படி மாறினாலும் ஆய்வாளரை அடையாளம் காட்டும் ORCID எண்; 16 இலக்கம், இலவசம், முதல் பேப்பருக்கு முன்பே வாங்கிவிடுங்கள்). ஸ்காலரில் ஒவ்வொன்றாகத் தேடிச் சேர்த்தேன். அது தானாக ஒரு பல் மருத்துவக் கட்டுரையையும் கொண்டுவந்து என் தலையில் வைத்திருந்தது. நல்ல சைட்டேஷன் வேறு, நீக்கக் கை வரவில்லை. நீக்கிவிட்டேன். இப்போது எச் 7. அந்த வேலை வேறொருவருக்குப் போயிற்று, காரணம் இது மட்டும்தான் என்று சொல்லமாட்டேன்.

* * *

மேலே எழுதிய சகோதரிக்கு: நோபல் வாங்கிய வெங்கி ராமகிருஷ்ணனுக்கும் இதே கதைதான். அவர் பெயர் வெங்கட்ராமன், ராமகிருஷ்ணன் என்பது அப்பா பெயர். அப்பாவும் உயிர்வேதியியல் பேராசிரியர். செல்லுக்குள் புரதம் தயாரிக்கும் ரைபோசோம் பற்றிய அவர் பேப்பர்களை உலகமே அப்பா பெயர் சொல்லித்தான் மேற்கோள் காட்டுகிறது.

என் புலம்பல் வேறு. ஒரு ஜீனை நாக்அவுட் செய்து (செயலிழக்க வைத்து) ஐந்து வருடம் எலி வளர்த்துப் போட்ட பேப்பருக்கு 11 சைட்டேஷன். ஆர்என்ஏ பிரிப்பதில் ஒரு சின்ன மாற்றம் செய்து, மழைக்கால விடுமுறையில் எழுதிப் போட்டதற்கு 200-ஐத் தாண்டிவிட்டது. முதலில் கோபம் வந்தது. அப்புறம் பார்த்தால் இந்தத் துறையே அப்படித்தான். வரலாற்றிலேயே அதிகம் மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரை 1951-ல் லௌரி எழுதியது, 3 லட்சத்துக்கும் மேல். விஷயம் என்ன? கரைசலில் எவ்வளவு புரதம் இருக்கிறது என்று அளப்பது. அது பெரிய கட்டுரை ஒன்றுமில்லை என்று அவரே பின்னால் ஒப்புக்கொண்டிருக்கிறார். அடுத்தது லேம்லி, 1970. நாம் எல்லோரும் ஜெல் ஓட்டிவிட்டு (புரதங்களை அளவு வாரியாகப் பிரித்துவிட்டு) அதை மேற்கோள் காட்டுவோம், ஆனால் தலைப்பில் ஜெல் என்ற சொல்லே கிடையாது. அவர் ஆராய்ந்தது பாக்டீரியாவைத் தாக்கும் டி4 வைரஸின் தலை எப்படி உருவாகிறது என்று! வைரஸுக்காக அதைத் திறந்து படித்தவர் யாராவது இருந்தால் கை தூக்கவும். 2014-ல் நேச்சர் இதழ் வெளியிட்ட, அதிகம் மேற்கோள் காட்டப்பட்ட முதல் 100 கட்டுரைகளின் பட்டியலில் வாட்சன்–கிரிக்கின் டிஎன்ஏ கட்டுரைக்கு இடமே இல்லை. நேர்காணலில் இதை எடுத்துச் சொல்ல ஆசைதான். சொன்னால் வேலை கிடைக்காது.

* * *

நான் புரத அமைப்புப் பக்கம். ஒரு குற்ற ஒப்புதல். ராமச்சந்திரன் வரைபடம் இல்லாமல் எங்கள் பேப்பர் எதுவும் வெளியே போகாது. 1963-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரன், சி. ராமகிருஷ்ணன், சசிசேகரன் மூவரும் போட்டது. புரதச் சங்கிலி எந்தக் கோணங்களில் மடங்கலாம், எதில் அணுக்கள் முட்டிக்கொள்ளும் என்று காட்டும் படம். இந்த விவாதத்தைப் படித்துவிட்டு என்னுடைய நான்கு பேப்பர்களையும் எடுத்துப் பார்த்தேன். நான்கிலும் 'ராமச்சந்திரன் வரைபடத்தில் அனுமதிக்கப்பட்ட பகுதியில் இத்தனை சதவீதம்' என்று அழகாக எழுதியிருக்கிறேன். கடைசியில் மேற்கோள் காட்டியது அந்த மூவரை அல்ல, படத்தை வரைந்து கொடுத்த மென்பொருளை.