மகனுக்குக் குரோன்ஸ்: சிஆர்பி சரி, கல்புரொடெக்டின் அதிகம்

வெள்ளவத்தை அம்மா: மகனுக்கு 15 வயது, குரோன்ஸ் என்ற குடல் அழற்சி நோய் இருக்கிறது. இரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சிஆர்பி 3தான், ஆனால் மலப் பரிசோதனையில் குடல் அழற்சியைக் காட்டும் கல்புரொடெக்டின் 420. வயிற்றுவலி இல்லையாம். பள்ளிக் காற்சட்டையோ இடுப்பில் நிற்குதில்லை. எதை நம்புவது?

தெஹிவளை: அக்கா, சிஆர்பி ஈரலில் உருவாவது, குடல் அழற்சி இருந்தும் சிலருக்கு ஏறாது. கல்புரொடெக்டின் குடலுக்குள் வரும் வெள்ளணுக்களிலிருந்து வருவது. 250ஐத் தாண்டினால் டாக்டருக்குச் சொல்லத்தான் வேண்டும். வளரும் பிள்ளை, நிறையையும் உயரத்தையும் கிளினிக் கொப்பியில் பாருங்கள். காற்சட்டை பொய் சொல்லாது!

கொட்டாஞ்சேனை: இபுபுரூபன் மாதிரி வலி மாத்திரை ஏதும் போட்டானா? அதுவும் கல்புரொடெக்டினை ஏற்றும். குரோன்ஸ் உள்ளவர்களுக்கு அது நல்லதும் இல்லை. பொதுவாகப் பனடோல்தான் சொல்வார்கள்.

வெள்ளவத்தை அம்மா: பல்வலிக்கு இபுபுரூபன் பாமசியில் வாங்கிப் போட்டிருக்கிறான், இப்போதுதான் வாயைத் திறக்கிறான். சரி, கிளினிக்கில் கல்புரொடெக்டினையும் இந்த மாத்திரையையும் சொல்கிறேன்.