ஓரினச்சேர்க்கை: மத்ஹபுகள் எதில் ஒன்றுபடுகின்றன, எதில் பிரிகின்றன?

நிலாப்பிறை:
அஸ்ஸலாமு அலைக்கும். குர்ஆன் அழிக்கப்பட்டதாகச் சொல்லும் லூத் (அலை) சமூகத்தைப் பற்றிப் பேச்சு வந்தால் ஒருவர் "மரண தண்டனை" என்கிறார். இன்னொருவர் "குர்ஆனில் தண்டனையே இல்லை" என்கிறார். மூன்றாமவர் "அது வன்புணர்ச்சியைப் பற்றியது" என்கிறார். இவை எங்கிருந்து வருகின்றன? ஷாஃபிஈ, ஹனஃபீ மத்ஹபுகளின் (சட்டப் பள்ளிகளின்) வேறுபாட்டையும் சொல்லுங்கள். நம் ஊர்களில் இந்த இரண்டும்தானே அதிகம்.

இப்னு_கலம்:
வஅலைக்குமுஸ்ஸலாம் சகோ. செயல் ஹராமா (தடுக்கப்பட்டதா), தண்டனை என்ன, ஈர்ப்பு பாவமா என்று மூன்றையும் பிரித்து வையுங்கள். கலந்து பேசினால் குழப்பம்தான் மிஞ்சும். செயல் ஹராம் என்பதில் நான்கு மத்ஹபுகளும் ஒன்று. மனத்தில் எழும் ஈர்ப்பு மட்டும் பாவமாகாது என்பதே பெரும்பான்மை உலமாக்களின் (மார்க்க அறிஞர்களின்) நிலை. மத்ஹபுகள் பிரிவது தண்டனையில்தான்.

ஷாஃபிஈ மத்ஹபில் செய்தவருக்கு ஸினாவின் (திருமணத்துக்குப் புறம்பான உறவின்) சட்டமே: மணமானவருக்குக் கல்லெறி, மணமாகாதவருக்கு 100 கசையடி. மாலிகீயில் மணமாகாதவருக்கும் கல்லெறிதான். ஹனஃபீ மத்ஹபின் இமாம் அபூ ஹனீஃபாவோ ஹத் (மார்க்கம் வரையறுத்த தண்டனை) கிடையாது, தஃஸீர் மட்டுமே என்கிறார்; அதாவது தண்டனையை நீதிபதி முடிவுசெய்வார். அவர் தரப்பு வாதம் கூர்மையானது: இது ஸினாவே என்றிருந்தால் நபித்தோழர்கள் தண்டனையில் கருத்து வேறுபட்டிருக்க மாட்டார்கள். ஆனால் அவருடைய மாணவர்கள் அபூ யூசுஃபும் முஹம்மத் அஷ்ஷைபானீயும் ஸினாவின் ஹத்தையே விதித்தார்கள். எனவே "ஹனஃபீ கருத்து" என்று ஒற்றை வரியில் எழுதினால் பாதி விடுபட்டுவிடும். பெண்களுக்கிடையே என்றால் தஃஸீர்தான், ஹத் இல்லை.

ஏட்டுச்சுவடி:
மரண தண்டனைக்குக் காட்டப்படும் முக்கிய ஆதாரம் ஒரு ஹதீஸ் (நபிமொழி): செய்தவரையும் செய்யப்பட்டவரையும் கொல்லுங்கள் என்பது. அபூதாவூத், திர்மிதீ, இப்னுமாஜா ஆகிய ஹதீஸ் தொகுப்புகளில் இருக்கிறது; புகாரி, முஸ்லிமில் இல்லை. அறிவிப்பாளர் வரிசை: இப்னு அப்பாஸிடமிருந்து இக்ரிமா, அவரிடமிருந்து அம்ர் பின் அபீ அம்ர். சிக்கல் இந்த அம்ரிடம். ஹதீஸ் ஆய்வாளர் யஹ்யா பின் மயீன் அவரை நம்பகமானவர் என்று சொல்லிவிட்டு, இக்ரிமா வழியாக அவர் சொல்லும் இந்த ஹதீஸைக் குறை கூறுகிறார். பிற்கால ஹதீஸ் ஆய்வாளர் அல்பானீயோ இந்த ஹதீஸை ஏற்கிறார். உயிர் சம்பந்தப்பட்ட விஷயத்தில் ஹதீஸ் எண்ணை மட்டும் ஒட்டிவிட்டுப் போவது பெரிய தவறு.

"வன்புணர்ச்சியைப் பற்றியது" என்ற மூன்றாவது கருத்தை விரிவாக வைத்தவர் ஆய்வாளர் ஸ்காட் குகிள், 2010இல் வெளிவந்த நூலில். குர்ஆனின் 29:29 வசனம் வழிமறிப்பதையும் சபையில் செய்த வெறுக்கத்தக்க செயலையும் சேர்த்தே சொல்கிறது. அந்தச் சமூகத்தார் லூத்தின் விருந்தினரைப் பலவந்தப்படுத்த வந்தார்கள். லூத்தின் மனைவியும் அழிந்தாள். ஆகவே குற்றம் வன்முறையும் நபியை மறுத்ததும் என்பது வாதம்.

இப்னு_கலம்:
குகிளின் வாதம் இடறும் இடம் 7:81. "பெண்களை விட்டுவிட்டு இச்சையோடு ஆண்களிடம் வருகிறீர்கள்" என்கிறது வசனம். வன்முறை மட்டுமே குற்றமென்றால் "பெண்களை விட்டுவிட்டு" எதற்கு? 26:166 "உங்கள் மனைவியரை" என்பதால், மனைவியைக் கைவிட்டவர்களைத்தான் சொல்கிறது என்று அவர்கள் பதில் தருகிறார்கள். எனக்கு அது போதவில்லை.

நிலாப்பிறை:
4:16இல் "அவ்விருவரையும்" என்று வருகிறதே?

ஏட்டுச்சுவடி:
பெரும்பான்மை முஃபஸ்ஸிர்கள் (குர்ஆன் விரிவுரையாளர்கள்) அதை ஸினா என்று கொண்டு, 24:2ஆல் மாற்றப்பட்டது என்கிறார்கள். ஆரம்பகால விரிவுரையாளர் முஜாஹிதோ இரண்டு ஆண்கள் என்று விளக்குகிறார். அப்படிக் கொண்டாலும் அங்கே தண்டனையின் அளவு இல்லை. "திருந்திக்கொண்டால் விட்டுவிடுங்கள்" என்றே வசனம் சொல்கிறது. தஃஸீர் என்பவர்களுக்கு இது வலுச் சேர்க்கும். எந்தக் கருத்தை எடுத்தாலும் தண்டிப்பது நீதிமன்றத்தின் வேலை. தெருவில் போகிறவருக்கு அந்த அதிகாரத்தை நான்கு மத்ஹபுகளும் தரவில்லை.